காத்தோங் வீட்டுப் பியானோவின் கனம்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் ஆள்காட்டி விரல் இன்னும் பெறவில்லை. சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டின் பட்டனை அழுத்தும்போது, இது அறுபது கிராம் கேட்கும் என்று அது எனக்குச் சொல்கிறது. பக்கத்து புளோக்கில் கொஞ்சம் கூடுதலாக. சாலை கடக்கும் இடத்துப் பட்டன் வெயிலில் சாதுவாக இருக்கும், மழையில் முரண்டு பிடிக்கும். மத்தியான நேரத்தில் எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து கண் சொக்கும்போது, தொடையின் மேல் விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக இறங்கி ஏறும். "வெளியில இப்படிச் செய்யாதீங்க, பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க" என்பாள் என் மனைவி. நினைத்துவிட்டுப் போகட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் பியானோக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தே சம்பளம் வாங்கிய கை இது.

போன மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கட்டை கனமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எழுதினேன். வாசித்துப் பார்த்தால் மருந்துப் பாட்டிலில் ஒட்டிய தாள் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வெளியே மழை. மழைச் சத்தத்தோடு காத்தோங் வீடு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அது ஒரு பக்கத்தில் அடங்குகிற சமாசாரமாக இல்லை.

என் பெயர் ஷேக் மைதீன். கடையநல்லூர்க் குடும்பம். அத்தா சிராங்கூன் ரோட்டில் சில்லறைக் கடை வைத்திருந்தார். கடையில் நிற்கப் பிடிக்காமல், பியானோ ஏற்றி இறக்கும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தேன். தூக்கித் தூக்கி முதுகு போனதும், உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டேன். பட்டறையில் போட்டார்கள். கம்பி இழுக்க, கம்பளி வெட்ட, சுருதி சேர்க்க என்று கற்றுக்கொண்டதை எல்லாம் விவரித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கே வந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் அது நேராகப் போய்க் கம்பியை அடிப்பதில்லை. நடுவில் மரத்தாலும் கம்பளியாலும் ஆன ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். கட்டை ஒரு தண்டைத் தூக்கும், தண்டு இன்னொன்றைத் தள்ளும், கடைசியில் கம்பளி சுற்றிய சுத்தியல் கம்பியில் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்ன உலோக ஊசி உண்டு. ஊசியைச் சுற்றி மெல்லிய கம்பளித் துணி. அந்தத் துணிக்குள் ஊசி ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

கட்டையின் நுனியில் பித்தளை எடைகளை வைத்துப் பார்ப்போம். எத்தனை கிராமில் கட்டை மெதுவாக இறங்குகிறது என்பது பாதிக் கேள்வி. இறங்கிய கட்டை எத்தனை கிராமைச் சுமந்துகொண்டு திரும்ப எழுகிறது என்பது மீதிப் பாதி. நல்ல பியானோ என்றால் ஏறத்தாழ ஐம்பதில் இறங்கும், இருபதைத் தூக்கிக்கொண்டு எழும். இறங்கவும் அதிகம் கேட்கிறது, எழும்போதும் அதிகம் தூக்குகிறது என்றால் எங்கோ எடை கூடியிருக்கிறது, சுத்தியலைப் பார். இறங்க அதிகம் கேட்கிறது, எழ முடியாமல் கிடக்கிறது என்றால் எங்கோ உரசுகிறது, மூட்டைப் பார். நான் எழுதிக் கிழித்த அந்த ஒரு பக்கம் இவ்வளவுதான்.

என் மேலாளர் மிஸ்டர் கோ இதில் ஒரு வரியைக்கூட என்னிடம் வாயால் சொன்னதில்லை. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மருந்து எண்ணெய்ப் புட்டி இருக்கும். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன் மூக்குக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக்கொள்வார். உள்ளே போனதும் கருவிப் பையைத் திறக்க மாட்டார். பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "யூ ப்ளே, ஐ லிசன்" என்பார். கனமாக இருக்கிறது என்று சொன்னவர்தான் வாசிக்க வேண்டும். அவருக்காக வேறு யாரும் வாசித்துக் காட்டக் கூடாது. அவர்கள் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டாரா என்று வீட்டுக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். சில நாள் நிஜமாகவே தூங்கியிருக்கிறார்.

அப்புறம் எழுந்து, இருமல் மிட்டாய் டப்பாவைத் திறப்பார். அதற்குள்தான் பித்தளை எடைகள். ஒவ்வொன்றாகக் கட்டையின் மேல் வைப்பார். கட்டை இறங்குவதை அவ்வளவு பக்கத்தில் குனிந்து பார்ப்பார், மூச்சுப் பட்டால் எடை கூடிவிடுமோ என்று நினைப்பவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் அந்த வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அவரோடு போன இடங்களில் ஆற்றோர ஹோட்டல் ஒன்று நினைவிருக்கிறது. லாபியில் வாசித்த பிலிப்பினோக்காரர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, கட்டைகள் கல்லாக இருக்கின்றன என்றார். எடை வைத்துப் பார்த்தால் எல்லாம் அளவாக இருந்தது. நான் குழம்பினேன். மிஸ்டர் கோ கட்டைகளைத் தொடவே இல்லை. சுத்தியல்களின் முனைக் கம்பளியை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். மங்கிக் கிடந்த சத்தம் பளிச்சென்று வந்தது. அந்த மனிதர் உட்கார்ந்து வாசித்தார். "சோ லைட்! கட்டைகளை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சத்தம் சரியாக வராவிட்டால் மனிதன் தன்னையறியாமல் ஓங்கி அழுத்துகிறான், பிறகு கனம் என்கிறான். திரும்பும் வழியில் மிஸ்டர் கோ வேனில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

இவ்வளவு நுணுக்கமான மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். மூட்டு இறுகியிருந்தால் காரணம் கேட்கவே மாட்டார். "வெதர் லா" என்பார். சிங்கப்பூர் ஈரத்தில் கம்பளி ஊதி ஊசியைப் பிடித்துக்கொள்ளும், அது உண்மை. பத்துக்கு ஒன்பது வீட்டில் அதுதான் காரணம். தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்து மூட்டுக்கு ஒரு சொட்டு விட்டால், காயும்போது கம்பளி சுருங்கி ஊசிக்கு இடம் விடும். காத்தோங் அந்தப் பத்தாவது வீடு.

சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பழைய வரிசை வீடு. வருஷக் கடைசி மழை பெய்துகொண்டிருந்தது. கதவு திறந்ததுமே சாம்பிராணி வாசனை வந்து முகத்தைத் தொட்டது. எனக்கு அது பிடித்தமான வாசனை. வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டிலும் போடுவார்கள், அதன் புகைக்குள் அரைத்தூக்கத்தில் கிடந்துதான் நான் வளர்ந்தேன். ஈரத் தலையோடு உள்ளே நுழைந்தவனுக்கு, சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

கௌசல்யா டீச்சர் அந்த வீட்டு முன்னறையில் காலங்காலமாகப் பியானோ சொல்லிக்கொடுத்து வந்தவர். அதற்கு முந்தின வருஷம் சின்னதாக ஸ்ட்ரோக் வந்து வலது கை வலுவிழந்துவிட்டது. தெரப்பி, பயிற்சி எல்லாம் நடந்து, கை பெருமளவு திரும்பிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பியானோவில் விரல் ஓடவில்லை. அவர் கணவர் தணிகாசலம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசிக்கொண்டே இருக்கும் மனிதர். அன்றைக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"பாய், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றார் டீச்சர். "கனம் பியானோவுலயா, என் கையிலயா? பியானோன்னா நீங்க சரி பண்ணுங்க. கைன்னா சொல்லிடுங்க, நான் விட்டுடுறேன்."

மிஸ்டர் கோ அவரை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் எடைகளை வைத்தார். கட்டைகள் எழவே சோம்பின; உரசல்தான். ஈரத்தை விரட்டப் பியானோவுக்குள் வைத்திருக்க வேண்டிய சூடு தரும் கம்பி எங்கே என்று கேட்டார். தணிகாசலம் அண்ணன் தலையைச் சொறிந்தார். "கழட்டிட்டேன். மரத்துக்குள்ள கரண்டு, தீப்பிடிச்சுட்டா?" என்றார்.

"வெதர் லா" என்றார் மிஸ்டர் கோ. எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டுக்கும் சொட்டு விட்டோம். ஓரிரு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கட்டைகள் இலகுவாக இருந்தன. டீச்சர் வாசித்தார், பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிஸ்டர் கோ பையை மூடியபடி, "பியானோ ஓகே ஆல்ரெடி. நௌ யூ ப்ராக்டிஸ்" என்றார். கேட்க நல்லபடியாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து டீச்சரிடமிருந்து போன். சுருதி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நான் மட்டும் போனேன். வெயில் நாள். ஜன்னல் திரைகள் மூடியிருந்தன, அறை முழுக்கத் தேன் நிறத்தில் மங்கலான வெளிச்சம். வழக்கமான அந்த வாசனை. பியானோவின் மேல் இருந்த புகைப்படங்களையும் பொம்மைகளையும் எடுத்து சோபாவில் வைத்திருந்தார்கள்.

"சனிக்கிழமை ஆள் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க பாய்" என்றார் டீச்சர். "சிராங்கூன்ல ஒரு பொண்ணு. குழந்தைக்கு வாங்குறா. ட்யூன் பண்ணிக் கொடுக்கறதுதானே மரியாதை."

"ஏன் டீச்சர்?"

"நீங்க சரி பண்ணிக் கொடுத்தீங்க. ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம் முன்னவிட மோசம். பியானோ ஓகேன்னு நீங்களே சொல்லிட்டுப் போனீங்க. அப்படின்னா மிச்சம் என்ன இருக்கு? என் கைதானே." சொல்லும்போது வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தார். "வாங்குற பொண்ணுகிட்டயும் கை விஷயத்தச் சொல்லிட்டேன். பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன், வேற டீச்சர் பாத்துக்கச் சொல்லி."

நான் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினேன். சேற்றில் இறங்கி, சேற்றிலேயே நின்றது. அடுத்ததும் அப்படித்தான். எடைகளை எடுத்தேன். எண்பதைத் தாண்டியும் சில கட்டைகள் யோசித்தன. இறங்கிய பிறகு எடை முழுவதையும் எடுத்துவிட்டாலும், சில கட்டைகள் எழ மனமில்லாமல் கிடந்தன. இந்தக் கட்டைகளில் வாசிக்க நல்ல கையே திணறும். இவர் நோய்வாய்ப்பட்ட கையோடு மாதக்கணக்கில் இவற்றோடு மல்லுக்கட்டி, தோற்றது தான்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

"டீச்சர், இது பியானோ" என்றேன். "கனம் இங்கதான் இருக்கு."

அவர் நம்பவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. "வாங்குற பொண்ணுக்கு இப்படியே கொடுக்க முடியாது. குழந்தை வாசிக்கணும்ல" என்றேன். அது வேலை செய்தது. தனக்காக ஒத்துக்கொள்ளாதவர் முகம் தெரியாத குழந்தைக்காக ஒத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் தள்ளி வரச் சொன்னார். நான் ஆக்‌ஷனையும் கட்டைகளையும் கழற்றி வேனில் ஏற்றினேன்.

எங்கள் பட்டறை சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே மசாலா அரைப்பார்கள், பக்கத்தில் பூ கட்டுவார்கள். மத்தியானம் ஆனால் மல்லி, சோம்பு, மல்லிகை எல்லாம் கலந்து படியேறி வரும். அந்த வாசனைகளில் கண் செருகிக்கொண்டே ஊசி தட்டிய நாட்கள் எனக்கு இன்றும் கனவில் வருகின்றன.

ஒரு மூட்டைப் பிரித்து ஊசியைத் தட்டி எடுத்தேன். பளபளக்க வேண்டிய ஊசியில் லேசாகத் தேன் நிறம். துரு என்று நினைத்தேன், துரு அந்த நிறத்தில் இருக்காது. நகத்தால் சுரண்டினால் ஒட்டியது. ஒரு சின்னப் பரிசோதனையாக இரண்டு மூட்டுக்கு வழக்கமான சொட்டை விட்டேன். முதலில் நன்றாக இளகின. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தொடாதவற்றை விட இறுகிக் கிடந்தன. ஈரம் என்றால் அப்படி ஆகாது. ஸ்பிரிட்டில் கரைந்து, கம்பளிக்குள் இன்னும் ஆழமாகப் போய், காய்ந்ததும் கெட்டியாகிற ஏதோ ஒன்று உள்ளே இருந்தது.

அன்று மழை கொட்டியது. கீழே கடைகள் பாதி மூடியிருந்தன. ஒரு கட்டையின் துளையில் இருந்த கம்பளியை இளக்கி எடுக்க, சூடாக்கிய பித்தளைத் துண்டை உள்ளே நுழைத்தேன். சாம்பிராணி மணந்தது. யாரோ தெருவில் போடுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலுக்குப் போனேன். தெருவில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி மணந்தது. அத்தா, அம்மா, வியாழக்கிழமை விளக்கு என்று மனம் எங்கெங்கோ மிதந்துபோய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தது. என் கையிலிருந்த கட்டைதான் மணக்கிறது; சாம்பிராணிப் பிசின் புகையாகப் போய்க் கம்பளியில் படிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாசலில் என்னை வரவேற்ற வாசனையே பழுது. எனக்கு அது வீட்டு வாசனை என்பதால் பழுதின் வாசனையாகத் தெரியவே இல்லை.

மிஸ்டர் கோவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து முகர்ந்து, ஒன்றுமில்லை என்றார். நான் அவர் மேலுதட்டைக் காட்டினேன். கைக்குட்டையால் மருந்து எண்ணெயை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தார். பிறகு தன் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னோடு சேர்ந்து ஊசி தட்ட ஆரம்பித்தார். மேலாளரான பிறகு அவர் அந்த வேலையைத் தொட்டதே இல்லை. மூட்டு மூட்டாகப் பழைய கம்பளியை எடுத்து, புதிய கம்பளி வைத்து, புதிய ஊசி போட்டோம். எண்பத்தெட்டுக் கட்டைக்கும் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் தணிகாசலம் அண்ணன் படியேறி வந்தார். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வந்தவர், எங்களுக்கு வடை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நான் ஒரு கட்டையைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன பாய், இங்கயும் சாம்பிராணி போடுறீங்களா?" என்றார், சந்தோஷமாக.

"இல்லண்ணே. இது உங்க பியானோ."

அவருக்குப் புரியவில்லை. கட்டையை அவர் மூக்கருகே நீட்டினேன். ஊசியைக் காட்டினேன். வடைப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கீழ்ப் பலகையத் திறந்து தூபக்கால உள்ள வெப்பேன்" என்றார். "கரப்பான் வராது, ஈரம் வராது. உள்ள இருக்கறது சரஸ்வதிதானே பாய். வெளியில காட்டினா எப்படிப் போய்ச் சேரும்?"

கரண்டுக் கம்பிக்குப் பயந்து கழற்றிப் போட்ட மனிதர், அதே இடத்தில் நெருப்புக் கங்கை வைத்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அவளுக்கு முடியாமப் போனதுக்கு அப்புறம் வெள்ளிக்கிழமைக்கெல்லாம் காத்திருக்கல. தெனமும் ரெண்டு வேளை. அவ தூங்கறப்ப. கை நல்லாகணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன்."

கீழே மசாலா மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேண்டுதலும் ஒரு மெல்லிய பூச்சாக டீச்சர் விரலுக்கு எதிரே போய்ப் படிந்திருக்கிறது. மிஸ்டர் கோவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எழுந்து போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"டீச்சர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்" என்றார் அவர். போகும்போது வடையைத் தரவில்லை; கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆக்‌ஷனைத் திரும்ப மாட்டப் போன அன்று, அண்ணன் சொல்லிவிட்டார் என்பது டீச்சர் கதவைத் திறந்ததுமே தெரிந்தது. "வாங்க பாய், என் பியானோவுக்கு ஆஸ்துமா வர வெச்சவரு உள்ளதான் இருக்காரு" என்றார். அண்ணன் பூஜையறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அன்று எந்த வாசனையும் இல்லை.

மாட்டி, சுருதி சேர்த்து, எடை வைத்துப் பார்த்தேன். ஐம்பதில் இறங்கி இருபதோடு எழுந்தன. எழுந்து இடம் விட்டேன். டீச்சர் உட்கார்ந்தார். முதலில் ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். அது போனது தெரியாமல் இறங்கியதும் பயந்து கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் வாசித்தார். என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது, மெதுவான ஏதோ ஒன்று. திரைக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சமும் அந்த ஒலியும் ஒன்றாக அறைக்குள் அசைந்தன. நான் எங்கே நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோனது.

பிறகு ஓரிடத்தில் தடுக்கியது. மறுபடி அந்த இடம் வந்தது, மறுபடி தடுக்கியது. வலது கையின் மோதிர விரல் மற்ற விரல்களுக்குப் பின்னால் தாமதமாக வந்தது.

அண்ணன் உடனே என் பக்கத்தில் வந்துவிட்டார். "பாய், அந்தக் கட்டையப் பாருங்க. இன்னும் கொஞ்சம் புகை ஒட்டிக்கிட்டிருக்கும்."

எடை வைத்தேன். பக்கத்துக் கட்டைகளின் அளவுதான். "கட்டை சரியா இருக்குண்ணே."

"இல்ல பாய், நல்லாப் பாருங்க. எல்லாம் நான் போட்ட புகைதானே? எங்கயாவது இருக்கும்." கெஞ்சுகிற குரல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குற்றம் முழுவதும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்படுகிறார். அப்படி என்றால் அவர் மனைவியின் கையில் குறையே இல்லை என்று ஆகிவிடும். அவருக்காக ஒரு பொய் சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"விடுங்க" என்றார் டீச்சர். "இது உங்க புகை இல்ல. இது என் விரல்."

அந்த ஒரு கட்டையை மோதிர விரலால் மட்டும் அழுத்தினார். மெதுவாக, திரும்பத் திரும்ப. தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. "இத்தன நாளா எது பியானோ, எது கைன்னு தெரியாம எல்லாத்தோடயும் சண்ட போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப இது ஒண்ணுதான் பாக்கி." அவர் முகத்தில் அழுகை இல்லை. வேலையைத் தொடங்கப் போகிறவரின் முகமாக இருந்தது.

எழுந்து போய்ப் போனை எடுத்துவந்து, வாங்க இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. மன்னிச்சுக்கம்மா, பியானோவைக் கொடுக்க முடியாது என்றார். அந்தப் பெண்ணின் குரலில் நிஜமாகவே மகிழ்ச்சி.

"அப்போ உங்க கை சரியாயிடுச்சா ஆன்ட்டி? வெரி குட் லா!"

"இல்லம்மா" என்றார் டீச்சர். "இன்னும் சரியாகல. அதனாலதான் எனக்கு வேணும்."